சினிமா கேள்வி–பதில்: இரண்டு கதை, ஒரு படம்

கேள்வி (வாசகர், மதுரை): 1950களில் பிரிட்டனில் வந்த சின்ன பட்ஜெட் படங்கள் சிலவற்றில் சம்பந்தமே இல்லாத கதைகள் அடுத்தடுத்து வருகின்றனவே, ஏன்?

பதில்: அவற்றில் சில தியேட்டருக்கென்று எடுத்தவையே அல்ல. நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர், லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீயில் அமெரிக்க டி.வி.க்காக அரைமணி நேரக் கதைகளைத் தயாரித்தார். அவற்றையே ஒட்டி பிரிட்டிஷ் தியேட்டர்களுக்கும் அனுப்பினார்கள். 1954இல் வந்த ‘த ரெட் டிரெஸ்’ அந்த வகை.

அடிக்கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். விளம்பர நேரம் போக ஒரு கதை 26 நிமிடம் என்று வைத்தால் 2340 அடி. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி 3000 அடி இருந்தால்தான் நீளப்படம். இரண்டை ஒட்டினால் 4680 அடி. பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டும் துணைப்படமாகிவிடும். உள்நாட்டுப் படங்களுக்குத் தியேட்டர்கள் பங்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற சட்டமும் இருந்ததால், இவற்றுக்குத் தேவை இருந்தது.

கேள்வி (வாசகர், கோவை): இப்படி ஒட்டிய பிரிண்டில் கதை மாறும்போது பழைய இசை இழுக்கிறது, ‘டப்’ என்று சத்தம் வருகிறது. புரொஜெக்டர் கோளாறா?

பதில்: இல்லை, ஒட்டியவர் செய்த பிழை. புரொஜெக்டரில் படம் விழும் வாசலுக்குக் கீழேதான் ஒலி படிக்கும் இடம் இருக்கிறது. அதனால் ஒரு பிரேமுக்கான (ஃபிலிமில் உள்ள ஒரு தனிப்படத்துக்கான) ஒலியை 20 பிரேம் முன்னால் அச்சிடுவார்கள். ஒலியும் படமும் சேர்ந்த பிரிண்டைப் படம் முடியும் இடத்தில் வெட்டி ஒட்டினால், புதுக்கதையின் முதல் 20 பிரேமுக்கான ஒலி வெட்டிப்போட்ட துண்டோடு போய்விடும். முக்கால் விநாடிக்குச் சற்று மேல் பழைய இசையே ஒலிக்கும். புதுக்கதை பேச்சோடு தொடங்கினால் முதல் சொல் காணாமல் போகும். அடுத்து ஒட்டு, ஒலி படிக்கும் இடத்தைக் கடக்கும்போதுதான் அந்த ‘டப்’.

‘டப்’பை மட்டும் அடக்க, ஒட்டின் மேல், ஃபிலிம் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் ஒலித்தடத்தில் முக்கோணமாகக் கறுப்பு மை பூசுவார்கள். ஒலித்தடத்தின் ஊடே போகும் வெளிச்சம்தான் ஒலியாக மாறுகிறது; அது படிப்படியாகக் குறைந்து கூடுவதால் சத்தம் எழாது. போன சொல் அதனால் திரும்பி வராது! படநெகட்டிவையும் ஒலிநெகட்டிவையும் தனித்தனியே ஒட்டிப் புது பிரிண்ட் எடுப்பதுதான் முறையான வழி. நடுவில் மெல்ல இருட்டி, கதையை அறிமுகம் செய்பவரின் காட்சியையும் வைத்தால் ஒட்டு தெரியவே தெரியாது.

கேள்வி (வாசகர், திருச்சி): சில பிரதிகளில் நடிகர்களின் தலை வெட்டுப்படுகிறதே?

பதில்: டி.வி.யின் 4:3 (அகலம் 4, உயரம் 3) சட்டத்துக்கு எடுத்ததை அகலத்திரைக்காக மேலும் கீழும் மறைத்து ஓட்டியதன் விளைவு. அகலம் உயரத்தைப் போல் 1.66 மடங்கு இருக்கும் திரையில், உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 4:3 பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.