3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு வயல், அறுவடை தொடர்பாக என்னென்ன கைவேலைகள் செய்யலாம்?

கேள்வி கேட்டவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார்: அச்சிட்ட படத்துக்கு வண்ணம் அடிப்பதைத் தாண்டி ஏதாவது வேண்டும், அதிகச் செலவும் கூடாது. நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பசை டப்பாவைக் கடைசியில் திறங்கள். அறுவடை என்பதே கையால் செய்கிற வேலைதான். கதிரை உருவுவது, உமியை விசிறுவது, பதரைப் பிரிப்பது, நிறம் பார்த்துத் தரம் பிரிப்பது என்று விரல்களுக்கு வேண்டிய பயிற்சி எல்லாம் அதிலேயே இருக்கிறது. இதையெல்லாம் நாமே முடித்துவிட்டு, சுத்தமான தானியத்தைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து "ஒட்டு" என்றால், வேலையின் நல்ல பாதி குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

காய்ந்த கதிர் கிடைத்தால் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சின்னக் கைகளுக்குக் கம்பு சுலபம், லேசாக உருவினாலே மணி உதிரும். கோதுமைக் கதிர் என்றால் மீசையை முன்கூட்டியே கத்தரித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தோல் கழன்று, மணியும் உமியும் கலந்து கையில் நிற்கும். நெல்லில் இது நடக்காது, உமி அரிசியை இறுகப் பிடித்திருக்கும். அதை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துப் பார்க்க 5, 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சின்னவர்களுக்குப் பொறுமை இருக்காது. நெல்லின் சுணை சிலருக்கு அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கை கழுவ வைத்துவிடுங்கள்.

அடுத்தது தூற்றுவது. அகலமான தட்டில் கொட்டி, ஒரு துண்டு அட்டையால் விசிறச் சொல்லுங்கள். வாயால் ஊதச் சொல்ல வேண்டாம், சின்னக் குழந்தைகள் ஊதுவதற்குப் பதில் உள்ளே இழுத்துவிடும். வெளியில், எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். தூசு ஒத்துக்கொள்ளாத குழந்தையைத் தண்ணீர் வேலைக்கு அனுப்பிவிடலாம். அது என்ன வேலை என்றால், ஒரு பாத்திரத் தண்ணீரில் நெல்லைப் போட்டுக் கலக்க வேண்டும். முற்றிய நெல் அடியில் போகும், பதர் மேலே மிதக்கும். மிதப்பதில் ஒன்றை எடுத்து நசுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதைத் தானே கண்டுபிடிக்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! "இதுக்குள்ள யாருமே இல்ல" என்று என்னிடம் ஓடி வந்து சொன்ன பிள்ளை ஒன்று உண்டு.

இதற்கெல்லாம் பிறகுதான் ஒட்டும் வேலை. கெட்டி அட்டையில் பென்சிலால் நாலைந்து வளைகோடு போட்டால் வயல் தயார். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பொருள்: உழுத மண்ணுக்கு மணல், அறுத்த வயலுக்கு உமி, விளைந்த வயலுக்கு நெல், பச்சைப் பயிருக்குப் பாசிப்பயறு. பசையை மொத்த அட்டைக்கும் தடவாமல் ஒரு பட்டைக்கு மட்டும் தடவி, பொருளைத் தூவி அமுக்கி, மிச்சத்தைத் தட்டிவிட்டு அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பட்டைக்கு வருவதற்குள் பசை காய்ந்துவிடும். தானியத்தை விளையாட்டுக்கு எடுப்பது சிலருக்கு மனம் ஒப்பாது, எனக்கும் அப்படித்தான். அதனால் பழசானது, உடைந்தது, உமி, தவிடு என்று சமையலுக்கு ஆகாததைத்தான் எடுப்பேன். படத்துக்கு அதுவே தாராளம்.

வைக்கோலை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். நீளவாக்கில் நகத்தால் கீறி விரித்து, பெரியவர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் கொடுத்தால் பொன் நிறத்தில் மின்னும் பட்டை கிடைக்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கருப்புத் தாளில் ஒட்டினால் வைக்கோல் போர், கோழிக்கூடு, சூரியன் எல்லாம் வரும். கத்தரிக்கோல் பழகுகிற வயதில் நறுக்குவதற்கும் இதைவிட நல்ல பொருள் கிடையாது, ஒவ்வொரு வெட்டுக்கும் சத்தம் கேட்கும்.

காய்கறி அச்சு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வண்ணத்தில் காயை முக்கினால் அச்சு குழம்பிப் போகும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, வண்ணத்தை ஈர ஸ்பாஞ்சில் தடவி அதில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெண்டைக்காய் ஐந்து முனைப் பூவாக விழும், பாதி முட்டைக்கோஸ் மரமாக விழும். மணி உதிர்க்காத மக்காச்சோளக் கதிரை வண்ணத்தில் உருட்டித் தாளில் உருட்டினால் வரிசை வரிசையாக நாற்று நட்ட மாதிரி வரும். உருட்டுவதற்கு முன்னால், கதிரைச் சுற்றி எத்தனை வரிசை என்று பெரிய பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அநேகமாக இரட்டைப் படையில்தான் இருக்கும்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாள் முழுக்கத் தடவிக் காயவிடுங்கள். அப்புறம் சோடா உப்பு கரைத்த தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வரையச் சொல்லுங்கள், கோடு சிவப்பாக மாறும். மஞ்சள் வயலில் சிவப்புச் சூரியன், சிவப்புக் கோழி என்று அவர்களாகவே போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு துளி எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். உடுப்பில் கறை படும் என்பதால் பழைய சட்டை போட்டு உட்கார வைப்பது நல்லது.

பேப்பர் தட்டில் பன்றி, பஞ்சு ஒட்டிய ஆடு, முட்டை அட்டையில் கோழிக்குஞ்சு எல்லாம் செய்யலாம், தவறில்லை. மாதிரியை மட்டும் முன்னால் வைக்காதீர்கள். வைத்தால் எல்லா ஆடும் ஒரே ஆடாகத்தான் வரும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். 3 வயதுக்குக் கீழே உள்ள தம்பி, தங்கை அதே அறையில் இருந்தால் பயறு, மணி எதையும் எடுக்க வேண்டாம், அவர்களுக்கு வைக்கோலும் பெரிய காய் அச்சும் போதும். அமெரிக்காவில் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று ஒதுக்கிவிடுவார்கள். தானியமெல்லாம் அதில் எந்த மூலைக்கு! பெரிய பிள்ளைகளும் மூக்கிலும் காதிலும் பயறு போட்டுக்கொள்வார்கள், ஈரம் பட்டால் அது உப்பிப் பெரிதாகி, எடுக்க முடியாமல் போகும். ஆகவே பக்கத்திலேயே உட்காருங்கள். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம், இரண்டும் கடும் விஷம். வேகவைக்காத ராஜ்மாவும் வயிற்றுக்குக் கெடுதல், வாயில் போடுகிற குழந்தை இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் என்று பார்த்தால், 3 வயதுக்கு ஒரே வேலையில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிது. கதிர் உருவுவது ஒரு நாள், தூற்றுவது மறுநாள், ஒட்டுவது அதற்கு அடுத்த நாள் என்று பிரித்துக்கொண்டால் ஒரு வாரம் தானாக ஓடிவிடும். ஒட்டிய அட்டையை ஒரு நாள் முழுக்கப் படுக்கையாகவே காயவிடுங்கள், நிமிர்த்தினால் தானியம் சரிந்துவிடும். ரொம்ப நாள் சுவரில் மாட்டுவதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே தானியத்தைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிடுங்கள், வண்டு வராது.