செங்குத்தான மலைச்சரிவில் ப்ரீஃபேப் மாடுலர் வீடு கட்ட முடியுமா? எப்படி வடிவமைப்பது?

கேள்வியில் இருப்பது இது: கோத்தகிரி பக்கம் 12 சென்ட் நிலம், சுமார் 25 டிகிரி சரிவு, நான்கு பேர் குடும்பம். தொழிற்சாலையில் செய்த பெட்டி அறைகளைக் கொண்டுவந்து இறக்கினால் வேலை சீக்கிரம் முடியாதா?

ப்ரீஃபேப் வீடு கட்டலாம். ஆனால் பெட்டிகளாக வேண்டாம், சட்டங்களாகக் கொண்டுவாருங்கள். காரணம் சாலையும் கிரேனும்.

சாதாரண லாரிக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர். அதற்குள் அடங்கும் 2.4 × 6 மீட்டர் பெட்டி ஒன்று, உள்வேலை முடிந்த நிலையில் மூன்றரை டன் தாராளமாக வரும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அது ஊர் வரை வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மனைக்குப் போகும் கடைசி 200 மீட்டர் எஸ்டேட் பாதையில் என்ன செய்வது? இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரா எனும் சிறிய நகரும் கிரேன். அதன் மேல் எழுதியிருக்கும் 12 டன், பூமை (தூக்கும் கையை) உள்ளே இழுத்து, சமதளத்தில், பாரம் ஒட்டி நிற்கும்போது தூக்கும் அளவு. சாலையில் நின்றபடி 8, 10 மீட்டர் தள்ளி இறக்கச் சொன்னால் ஒன்றிரண்டு டன்னுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சாய்ந்த சாலையில் அதுவும் ஆபத்து. ஹைட்ரா கவிழும் விபத்துகளில் பலவும் இப்படித்தான் நடக்கின்றன.

எனவே லைட் கேஜ் ஸ்டீல் ஃப்ரேம், அதாவது மெல்லிய எஃகுத் தகட்டுச் சட்டம். துத்தநாகப் பூச்சுள்ள, சுமார் ஒரு மி.மீ. தடிமன் கொண்ட சி-வடிவச் சட்டங்கள். 3 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரமுள்ள சுவர்ச் சட்டம் வெறுமையாக 80 கிலோ இருக்கும். நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடலாம். தொழிற்சாலையிலேயே சிமென்ட் போர்டு அடித்து அனுப்பச் சொன்னால் எடை இரண்டு மடங்கைத் தாண்டும், மூலைகளும் உடையும். போர்டைத் தனியாகக் கொண்டுவந்து இங்கே அடியுங்கள். 8 × 4 அடி, 10 மி.மீ. போர்டு ஒன்று சுமார் 40 கிலோ, இரண்டு ஆள் சுமை.

அடுத்து வடிவம். சரிவு இறங்கும் திசையில் கிடையாக எத்தனை மீட்டர் போகிறீர்களோ, அதை 0.466-ஆல் பெருக்கினால் 25 டிகிரியில் தரை எவ்வளவு இறங்குகிறது என்பது கிடைக்கும். 7.2 மீட்டர் ஆழத்துக்கு 3.36 மீட்டர் இறக்கம். இதைச் சமதளமாக வெட்ட 12 மீட்டர் நீளத்துக்கு 145 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். எடுத்த மண் உப்புவதால் முப்பது டிப்பருக்கு மேல் போகும். பின்னால் பதினொரு அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவரும் வேண்டும். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது வேறு. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். வெட்டிய சரிவின் காலடியில் வீடு வைப்பதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டாமல் இப்படிச் செய்யலாம். வீட்டை 3.6 × 12 மீட்டர் அளவில் இரண்டு பட்டைகளாக்கி, நீளவாக்கை காண்டூர் கோட்டோடு (சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் கோடு) போடுங்கள். மொத்தம் 86 சதுர மீட்டர், 930 சதுர அடி. பட்டைக்குப் பட்டை 1.68 மீட்டர் உயர வித்தியாசம், 168 மி.மீ. படி பத்து. கீழ்ப் பட்டையில் கூடமும் சமையலறையும், மேல் பட்டையில் படுக்கையறைகள். குளியலறைகளை ஒரே முனையில் வைத்தால் குழாய் ஒரே வழியில் இறங்கும்.

ஒரு கணக்கை வரைபடத்துக்கு முன்பே போட்டுப் பாருங்கள். மேட்டுப்பக்கத்தில் பீமுக்கு அடியில் 45 செ.மீ. இடைவெளி (ஆள் நுழைந்து குழாயைப் பார்க்க), பட்டையின் கீழ் ஓரத்துக்கு 1.68, தரையின் தடிமன் 0.35, பட்டைகளுக்கு இடையே இன்னொரு 1.68, சுவர் 2.7. கூட்டினால் 6.86 மீட்டர். மலைப்பகுதிக் கட்டட விதியில் உயர வரம்பு 7 மீட்டர். கூரைக்கு 14 செ.மீ.தான் மிச்சம்! உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாழ்ந்த ஓரத்திலிருந்து என்றால் மேல் பட்டையின் சுவரை 2.4 மீட்டராகக் குறைத்து, ஒரு பக்கம் சாயும் கூரை போடலாம். குளிர் ஊரில் தாழ்ந்த கூரை நல்லதுதான்.

அஸ்திவாரம் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து தூண், மொத்தம் 15. நடு வரிசை இரண்டு பட்டைகளையும் தாங்கும். அங்கே தூணுக்குச் சுமார் 6 டன் வரும். 90 செ.மீ. சதுர ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் மண்ணில் பதியும் கான்கிரீட் பாதம்) பெரும்பாலும் போதும், ஆனால் மண் பரிசோதனை முடிவு வந்த பிறகே உறுதி செய்யுங்கள். அஸ்திவாரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 இரண்டு விஷயம் கேட்கிறது. ஃபுட்டிங்கின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் வெளிமுகம் வரை கிடையாக 90 செ.மீ. மண் இருக்க வேண்டும். அடுத்தடுத்த ஃபுட்டிங்குகளின் அடிவிளிம்புகளை இணைக்கும் கோடு, 2 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் இறக்கத்தைத் தாண்டக் கூடாது. இங்கே விளிம்புக்கு விளிம்பு 2.7 மீட்டர், எனவே 1.35 வரை இறங்கலாம். நமக்கு இருப்பது 1.68. ஆகவே மேலே போகப் போகக் குழியை 35 செ.மீ. கூடுதலாகத் தோண்ட வேண்டும்: 1.2, 1.55, 1.9 மீட்டர். களிமண்ணுக்கு இந்த விதியில் கொஞ்சம் சலுகை உண்டு. மண் கலந்து கிடக்கும் இடத்தில் கடுமையான பக்கத்தையே பிடியுங்கள். அப்படியும் தோண்டும் மண் மொத்தம் 19 கன மீட்டர். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

பலர் கோட்டைவிடும் இடம் குட்டைத் தூண். தூணின் விறைப்பு உயரத்தின் கன மடங்குக்கு எதிர்விகிதம். 45 செ.மீ. தூண், 2.13 மீட்டர் தூணைவிட நூறு மடங்குக்கு மேல் விறைப்பு. காற்றோ நிலநடுக்கமோ பக்கவாட்டில் தள்ளினால் பாரம் முழுக்கக் குட்டைத் தூண்களுக்கே போய், அவற்றின் போல்ட்தான் முதலில் பிய்யும். நெட்டைத் தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் கொடுங்கள், குட்டைத் தூண்களின் ஆங்கரை (கான்கிரீட்டில் பதித்த போல்ட்டை) இந்த விசைக்கே தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பொறியாளர் எல்லாத் தூணுக்கும் ஒரே பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) வரைந்திருந்தால் அவர் இதைப் பார்க்கவில்லை என்று பொருள்.

தொழிற்சாலை 2, 3 மி.மீ. துல்லியத்தில் வெட்டும். சரிவில் கொத்தனார் வைக்கும் போல்ட் 20 மி.மீ. தள்ளிப்போவது சாதாரணம். நான்கு போல்ட்டையும் எஃகுத் தகட்டு டெம்ப்ளேட்டில் கோர்த்து வைத்து வார்ப்பு போடுங்கள். பேஸ் பிளேட்டில் துளைகள் நீள்வட்டமாக, மேலே தடித்த வாஷருடன் இருக்கட்டும். பிளேட்டுக்கு அடியில் லெவலிங் நட்டும், சுருங்காத கிரவுட்டுக்கு (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) 25 முதல் 40 மி.மீ. இடமும் விடுங்கள். 15 பெடஸ்டலும் (தூண் உட்காரும் கான்கிரீட் மேடை) முடிந்த பிறகு டோட்டல் ஸ்டேஷன் எனும் சர்வே கருவி வைத்து அளந்து, அந்த அளவைத் தொழிற்சாலைக்கு அனுப்பிய பின்பே சட்டம் வெட்ட ஆரம்பிக்க வேண்டும். “இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், நாள் மிச்சம்” என்று விற்பனையாளர் சொல்வார். அந்த மிச்சம் பிறகு கேஸ் கட்டரில் துளையைப் பெரிதாக்குவதில் போகும். வெட்டிய இடத்தில் பூச்சு எரிந்து துருவும் ஏறும்.

தண்ணீர்: வீட்டுக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி 30 × 30 செ.மீ. வடிகால், நூற்றுக்கு ஒன்று சாய்வு, முடிவு பாறையிலோ ஓடையிலோ. 100 மி.மீ. மழைக்கு உங்கள் கூரை மட்டும் 8,600 லிட்டர் இறக்கும். அதைத் தூணடியில் விடாமல் குழாயில் கீழே கொண்டுபோங்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி வீட்டுக்கு மேற்பக்கம் வரவே கூடாது, கீழே பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். ஊறிய செம்மண் பிடிப்பை இழப்பதற்கு மழைக்காலம் வரை காத்திருக்காது.

உள்வேலை சமவெளி போலத்தான், ஒன்றைத் தவிர. தரைக்கு அடியில் காற்று ஓடுவதால் சுவரைவிடத் தரைதான் அதிகம் சில்லிடும். ஜாயிஸ்ட்டுகளுக்கு (தரையைத் தாங்கும் சட்டங்கள்) இடையே 75 மி.மீ. ராக்வுல் எனும் கல் கம்பளி வைத்து, கீழே போர்டு மூடுங்கள். ஈரத்தடுப்புப் படலம் வீட்டின் உட்புறம், கம்பளிக்கு மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் கம்பளி நனைந்து சட்டமும் துருப்பிடிக்கும்.

கீழ்ப் பட்டைக்கு அடியில் ஆள் உயர இடம் கிடைக்கும். மறைவும் நிழலும் இருந்தால் காட்டுப்பன்றி வரும், சில இடங்களில் கரடியும் வரும், காட்டெருமை உடம்பைத் தேய்க்கத் தூணைத் தேடும். வெல்டு மெஷ் கம்பிவலை அடையுங்கள், ஆனால் தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு, இல்லாவிட்டால் இலைதழை அடைத்து, மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தருகே தேங்கிவிடும்.