அப்பாவுக்குக் கிளாக்கோமா... பிள்ளைகளுக்கும் வருமா?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு வயது 66. கண்புரை ஆபரேஷனுக்காகப் பரிசோதித்தபோது கிளாக்கோமா இருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டதாம், அவருக்கே தெரியவில்லை. எனக்கு 37, தங்கைக்கு 34. எங்களுக்கும் வருமா? மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? என் மனைவி சொந்த மாமன் மகள். ஐந்து வயது மகளை நினைத்தால் பயமாக இருக்கிறது."

கிளாக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய். முதலில் மகளைப் பற்றிய பயத்தை இறக்கி வைத்துவிடலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் கிளாக்கோமா வரும் என்று ஊரில் பேசுவது எல்லா வகைக்கும் பொருந்தாது. அது பொருந்துவது பிறவிக் கிளாக்கோமாவுக்கு. அதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் சிஒய்பி1பி1 என்ற மரபணுவில் உள்ள கோளாறு. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று பழுதான இரண்டு பிரதிகளும் குழந்தைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரே தாத்தா பாட்டி வழி வந்த இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால்தான் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது நடுவயதுக்கு மேல் வரும் வகை. அதன் வழி வேறு. மகளுக்குப் பிறவி வகை இருந்திருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒன்று சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் கண் பெரிதாக இருந்தால் "என்ன அழகான கண்ணு" என்று பாட்டி திருஷ்டிப் பொட்டு வைப்பார். அந்தக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தால், வெளிச்சம் பட்டதும் குழந்தை முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டால், கருவிழி பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். உள்ளே அழுத்தம் ஏறி, இளம் கண் ஊதிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆபரேஷன்தான் வழி. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் பார்வையில் கழியும்.

சரி, உங்களுக்கும் தங்கைக்கும் வருவோம். வாய்ப்பு கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நோயாளிகளின் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் நேரில் பரிசோதித்து 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு வாழ்நாளில் கிளாக்கோமா வரும் வாய்ப்பு 22 சதவீதம். நோய் இல்லாதவர்களின் உறவுகளுக்கு 2.3 சதவீதம். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதையே திருப்பிப் பார்த்தால், நூறில் 78 பேருக்கு வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

மரபணு டெஸ்ட் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கிளாக்கோமாவோடு தொடர்புள்ள முதல் மரபணுவான மயோசிலினை 1997-ல் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியே வெளியேறுகிறது. மயோசிலினில் பழுது இருந்தால் அந்தச் சல்லடையின் செல்களுக்குள் கோணலான புரதம் தேங்கி, வடிகால் கெட்டு, அழுத்தம் ஏறும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் கிளாக்கோமாவில் நூற்றில் மூன்று நான்கு பேரிடம்தான் இந்தப் பழுதைப் பார்க்க முடியும். மற்றவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அபாயத்தைக் கூட்டுகின்றன. அதனால் 'டெஸ்டில் ஒன்றும் இல்லை' என்று வந்தாலும் உங்களுக்கு விடுதலை இல்லை, கண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று தலைமுறையாக, இருபது முப்பது வயதிலேயே அதிக அழுத்தத்தோடு வந்திருந்தால் கதை வேறு. அங்கே மரபணு டெஸ்ட் உண்மையிலேயே உதவும். பழுதான ஒரு பிரதியே போதும் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாரை வருடா வருடம் பார்க்க வேண்டும், யார் நிம்மதியாக இருக்கலாம் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

குடும்ப வழியாக வருவது நோய் மட்டும் அல்ல. மெல்லிய கருவிழி, பார்வை நரம்பின் நடுக்குழி பெரிதாக இருப்பது போன்றவையும் வரும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டு மருந்துக்குக் கண் அழுத்தம் ஏறும் சுபாவம். கிளாக்கோமா உள்ளவர்களின் பிள்ளைகளிடம் இது மற்றவர்களைவிட அதிகம். கண் அரிக்கிறது, சிவந்திருக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுப்பார்கள். போட்ட மறுநாளே சிவப்பு போய்விடும். அந்தச் சுகத்துக்காக அதே பாட்டிலை மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கடைசியில் நரம்பு வெளுத்த நிலையில் வரும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துவிடுகிறது. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு பெயர்கள் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு எடுத்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், அதைக் கண் டாக்டரிடம் சொன்னால் போதும்.

அப்பாவுக்கே தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஓரப் பார்வைதான் முதலில் போகும், ஒரு கண்ணின் குறையை மறு கண் நிரப்பிவிடும். தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வு 2003-ல் வெளிவந்தது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதில் மிகப் பொதுவான வகை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள்.

இதனால்தான் குடும்ப வரலாறு கேட்கும்போது கிடைக்கும் "இல்லை" என்ற பதிலை நான் உடனே எழுதிக்கொள்வதில்லை. கொஞ்சம் கிளறினால், "தாத்தாவுக்குக் கடைசியில் கண்ணே தெரியாது, திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். வயசாச்சு இல்லையா" என்பார்கள். அது ஆபரேஷனுக்குப் போகாத புரையாகவும் இருக்கலாம், யாரும் பெயர் வைக்காத கிளாக்கோமாவாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் இப்போது பெயர் தெரிந்துவிட்டது. அதை அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கும் அத்தைகளுக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். நோய் வரும் வயதில் இருப்பவர்கள் அவர்கள், உங்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியதும் அவர்களைத்தான். பெண் கொடுத்து எடுக்கும் பேச்சு பாதிக்கும் என்று இதை மறைக்கிற வீடுகள் உண்டு. மறைத்தால் போவது யாரோ ஒருவரின் பார்வை.

நீங்களும் தங்கையும் நாற்பது வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காற்று ஊதி அழுத்தம் பார்ப்பதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அழுத்தம் 21 என்ற இயல்பு வரம்புக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் நிறைய. கருவிழித் தடிமன், வடிகால் கோணம், கண் பாப்பாவை விரித்து நரம்பு என்று எல்லாம் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனும் ஓரப் பார்வை டெஸ்டும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் அளவுகோல். பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

போகும்போது அப்பாவின் ஃபைலையும் எடுத்துச் செல்லுங்கள். பாப்பா விரியச் சொட்டு போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அதனால் பைக் வேண்டாம், பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.