உப்பு நிலத்தில் கோதுமை: விதையை எதில் ஊறவைப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "கிணற்றுத் தண்ணீர் உப்பு. மண் பரிசோதனையில் மின்கடத்துத்திறன் 8 என்று வந்தது. கோதுமை திட்டுத் திட்டாகத்தான் முளைக்கிறது. விதையைக் கால்சியம் குளோரைடில் ஊறவை என்கிறார் ஒருவர், சாலிசிலிக் அமிலம் என்கிறார் இன்னொருவர், நுண்ணுயிர்க் கரைசலே போதும் என்கிறார் மூன்றாமவர். எதைச் செய்தால் விளைச்சல் பழையபடி வரும்?"

எதைச் செய்தாலும் பழையபடி வராது. ஆனால் திட்டுகள் குறையும். உங்கள் நட்டத்தில் பெரும்பங்கு அந்தத் திட்டுகளில்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். மண்ணில் உப்பு கூடக் கூட மின்கடத்துத்திறனும் கூடும், அதை மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று அளப்பார்கள். கோதுமை 6 டெசிசீமென்ஸ் வரை உப்பைத் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் 7 சதவீதம் போலக் குறையும் என்பது மாஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977-இல் தொகுத்த கணக்கு. அதன்படி 8 என்றால் இழப்பு சுமார் 14 சதவீதம். இது முளைத்து நிலைத்த பயிருக்கான கணக்கு. முளைக்கும் கட்டத்தில் கோதுமைக்கு அவ்வளவு தாங்குதிறன் கிடையாது. போதாக்குறைக்கு, வெயிலில் நீர் ஆவியாகி உப்பெல்லாம் மேலே ஏறி, விதை கிடக்கும் முதல் 5 சென்டிமீட்டரில்தான் சேரும். விதைநேர்த்தி உதவுவது இந்தத் தொடக்கக் கட்டத்தில். அந்த 14 சதவீதத்தை அதனால் பெரிதாக அசைக்க முடியாது.

இன்னொன்று, அந்த 8 எப்படி அளந்தது என்று ஆய்வகத்தில் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கு, மண்ணைக் குழைத்து வடித்த நிறைவுச் சாற்றில் அளப்பதற்கானது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்திருந்தால் உப்பு நீர்த்துப்போயிருக்கும். அதிலேயே 8 வந்தால் நிலைமை இன்னும் மோசம், அங்கே கோதுமையையே மறுபடி யோசிக்க வேண்டும்.

சரி, ஊறவைத்தால் என்ன நடக்கிறது? விதை முதலில் மளமளவென்று நீரை உறிஞ்சும். பிறகு ஒரு நிதானக் கட்டம்: வெளியே மாற்றம் தெரியாது, உள்ளே நொதிகள் விழித்து மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும். அதன் பிறகுதான் முளைவேர் எட்டிப்பார்க்கும். உப்பு மண்ணில் முதல் கட்டமே இழுபறி. உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் விதைக்கு அது எளிதில் கிடைக்காது. விதை மண்ணில் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் சோடியம் உள்ளே போகும், பூஞ்சாணமும் பிடிக்கும். நல்ல தண்ணீரில் முன்பே ஊறவைத்தால் இந்த இழுபறியைத் தாண்டிய விதையை நிலத்தில் போடுகிறோம். ஓரிரு நாள் முன்னதாக முளைக்கும், முளைப்பும் சீராக இருக்கும். ஆகவே முதல் மருந்து வெறும் தண்ணீர். அது உங்கள் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டாம், மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ தேடுங்கள்.

அதற்கு மேல் ஒன்றே ஒன்று சேர்க்கலாம் என்றால் நான் கால்சியம் குளோரைடு பக்கம். கால்சியம் செல் சவ்வைக் கட்டுக்கோப்பாக வைக்கும், வேருக்குள் சோடியம் நுழையும் வழிகளையும் ஓரளவு அடைக்கும். லிட்டருக்கு 10 கிராம், ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 12 மணி நேரம். 40 கிலோ விதைக்கு 400 கிராம் ஆகும். வாங்கியதும் பொட்டலத்தை இறுக்கிக் கட்டிவையுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துபோகும் சரக்கு இது, கசிந்ததை நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கும். கரைக்கும்போது சூடேறும், ஆறிய பிறகே விதையைக் கொட்டுங்கள்.

ஊறிய விதையை ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் பரப்புங்கள். அன்றே விதைப்பதாக இருந்தால், கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிரும் அளவுக்குக் காய்ந்தால் போதும். சில நாள் வைத்திருக்க வேண்டுமானால் பழைய எடைக்குத் திரும்பும் வரை உலர்த்த வேண்டும். 10 கிலோ போட்டால் கிட்டத்தட்ட 10 கிலோவுக்கே வர வேண்டும். வெள்ளையாக முளைமுனை தெரிந்துவிட்டால் உலர்த்தாதீர்கள், செத்துவிடும். அதனால்தான் 12 மணி நேரம் என்றால் 12 மணி நேரம். மறந்து தூங்கிவிட்டு மறுநாள் மாலை போய்ப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. விதைப்புக் கருவி வைத்திருந்தால் திரும்ப அளவு திருத்துங்கள், ஊதிய விதை பழைய வேகத்தில் விழாது.

சாலிசிலிக் அமிலமும் வேலை செய்யும், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம். ஆனால் குளிர்ந்த நீரில் லேசில் கரையாது, அளவு கூடினால் முளைப்பையே தடுக்கும். மில்லிகிராம் நிறுக்கத் தராசு இல்லாத வீட்டில் இந்த வம்பு எதற்கு?

நுண்ணுயிர் சொன்னவரையும் தள்ளிவிட வேண்டாம். உப்பில் தவிக்கும் வேரில் எத்திலீன் என்ற பயிர் ஹார்மோன் கூடி வளர்ச்சி முடங்கும். சூடோமோனாஸ், பேசில்லஸ் என்னும் பாக்டீரியா வகைகளில் சில, அந்த எத்திலீனின் மூலப்பொருளையே தின்றுவிடும். ஊறவைத்து உலர்த்தியபின், விதைக்கச் சற்று முன்பு நிழலில் பூசுங்கள். பூஞ்சாணக்கொல்லி பூசி வந்த விதையானால் ஊறவைக்கவே கூடாது. மருந்து கழுவிப் போகும், அந்தத் தண்ணீரும் விஷம்.

நிலத்தில் போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மூன்று தட்டுகளில் உங்கள் வயலின் மேல்மண், தட்டுக்கு 100 விதை: ஊறாதது, தண்ணீரில் ஊறியது, கால்சியம் குளோரைடில் ஊறியது. எல்லாவற்றுக்கும் வயலுக்குப் பாயும் அதே தண்ணீர். நல்ல மண்ணில் சோதித்தால் மூன்றும் ஒன்றுபோல முளைத்து உங்களை ஏமாற்றும். 4-ஆம் நாளும் 8-ஆம் நாளும் எண்ணுங்கள். மூன்றாவது தட்டு இரண்டாவதை மிஞ்சவில்லை என்றால் கால்சியம் குளோரைடை மறந்துவிடலாம்.

நிலத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நல்ல தண்ணீர் கொஞ்சமாவது கிடைத்தால் அதை விதைப்புக்கு முன் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள், கிணற்று நீரைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பார் கட்டி விதைத்தால் உச்சியில் வேண்டாம், உப்பு அங்கேதான் கூடும், சரிவில் விதையுங்கள். மண்ணின் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருந்தால் அது களராக, அதாவது சோடியம் மிகுந்த நிலமாக இருக்கலாம். அப்போது ஜிப்சம் கணக்கு முதலில், விதை அப்புறம்.

வயலில் ஒரு பட்டையை மட்டும் ஊறாத விதையால் விதைத்து வையுங்கள். 20-ஆம் நாள் இரு பக்கமும் ஒரு மீட்டர் வரிசையில் எத்தனை நாற்று நிற்கிறது என்று நாலைந்து இடங்களில் எண்ணி எழுதி அனுப்புங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.