ஒத்திக்கு இருக்கும் வீட்டையே வாங்க விலை பேசுவது எப்படி?

கேள்வி: மதுரையில் ஒரு வீட்டை 8 லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒத்திக்கு (பணத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிவில் திரும்பப் பெறும் ஏற்பாடு) பேசியிருக்கிறோம். வீடு மிகவும் பிடித்துவிட்டதால், மூன்றாம் ஆண்டு முடிவில் 42 லட்சத்துக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம், ஒத்திப் பணத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்க நினைக்கிறோம். ஒத்திப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும் என்கிறார் தரகர். போதுமா?
- வாசகி, மதுரை

பதில்: போதாது, சகோதரி. இத்தகைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துக்குச் சற்று மேலே, 'பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால் ஒத்திதாரருக்கே முன்னுரிமை' என்று எழுதிவிடுவார்கள். அந்த வரியில் விலையும் இராது, நாளும் இராது. விற்க விருப்பமில்லை என்று உரிமையாளர் சொல்லிவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய இயலாது. அதை நம்பிச் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒத்திக்கு ஒன்று, கிரையத்துக்கு, அதாவது விற்பனைக்கு, ஒன்று என இரண்டு ஆவணங்கள் வேண்டும். வீட்டை உங்கள் வசம் ஒப்படைக்கும், அதாவது சுவாதீனத்துடன் கூடிய, ஒத்தி சட்டப்படி அடமானமாதலால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். கிரைய உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். விலை 42 லட்சம், கிரையம் முடிக்க வேண்டிய நாள், ஒத்திப் பணம் 8 லட்சமும் விலையில் வரவு வைக்கப்படும் என்ற உறுதி, எக்காரணத்தாலோ உங்களால் வாங்க இயலாமற்போனால் அந்த 8 லட்சம் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனை ஆகிய நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கு உரிமையாளர் தயங்கக்கூடும். விலையில் சற்று விட்டுக்கொடுத்தாவது அதைப் பெற்றுவிடுங்கள்.

விலை பேசும் முன்பே, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துவிடுங்கள். ஆனால், பதிவாகாமல் வெறும் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் தெரியாது என்பதால், அசல் தாய்ப்பத்திரத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள். சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எனவே வங்கி வழியாகவே செலுத்துங்கள். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது, உங்கள் பங்குத் தொகைக்கு அதுவே சான்றாகும்.

கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 விழுக்காடே தரலாம். 42 லட்சத்துக்கு அது 33,60,000 ரூபாய். ஒத்திப் பணம் போக நீங்கள் தர வேண்டியதோ 34 லட்சம். 40,000 ரூபாய் குறைகிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காடாக 3,78,000 ரூபாயும் தேவை. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 42 லட்சத்தைத் தாண்டினால் இது இன்னும் கூடும். ஆக, 4,18,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். ஒத்தி வீட்டில் வாடகை இல்லாததால், மாதம் 11,700 ரூபாய் ஒதுக்கினால் 36 மாதங்களில் சேர்ந்துவிடும்.

குறித்த நாளில் உரிமையாளர் கிரையம் செய்து தராவிட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மீதித் தொகையுடன் நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே கெடு நாளுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே, கடன் ஒப்புதல் கடிதத்தின் நகலை இணைத்துப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அவருக்குக் கடிதம் அனுப்பி, அது அவரிடம் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.