சேர்ந்திருப்பதும் உடம்பும்: சிஸ்டரிடம் கேட்டவை

மண்டபம், பாம்பன் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்தம், தொழில், சங்கம் என்று நாம் சேர்ந்திருக்கிற கூட்டம் நம் உடம்பை என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்குப் பதில் இங்கே.

தங்கச்சிமடத்திலிருந்து: சிஸ்டர், அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். முழங்கால் வலியால் கடலுக்குப் போறதை நிறுத்தினதிலிருந்து சுகர் ஏறுது. சரியா சாப்பிடறதில்லை, யாரோடும் பேசறதில்லை. மாத்திரையை மாத்தணுமா?

மாத்திரையை டாக்டர் முடிவு செய்யட்டும். பசியில்லாமை, பேச்சுக் குறைவு இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, அப்பாவுக்கு வேலையோடு சேர்ந்து இன்னும் என்னென்ன போனது என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலை டீக்கடை, படகு நிற்கும் ஜெட்டியில் பேச்சு, சங்கக் கூட்டம், கூடப் போன ஆட்கள், எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற 424 பேரை ஆறு வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்து, பிறகும் இரண்டையும் விடாதவர்களுக்கு அந்த ஆறு வருஷத்தில் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை விட்டவர்களுக்கு 5, இரண்டையும் விட்டவர்களுக்கு 12. உடம்பு முடியாததாலேயே சிலர் கூட்டத்தை விட்டு விலகியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

அதனால் அப்பாவை வீட்டில் உட்கார வைத்து ‘ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லாதீர்கள். ஜெட்டிக்குக் கூட்டிப் போங்கள். உட்கார்ந்தே வலை பொத்தலாம், எஞ்சின் சத்தத்தைக் கேட்டு இளவட்டங்களுக்கு யோசனை சொல்லலாம். ‘நான் கடல்காரன்’ என்கிற எண்ணம் அவருக்கு மிஞ்ச வேண்டும்.

தொண்டியிலிருந்து: அம்மாவைச் சுத்தி எப்பவும் ஆள் இருக்கு. ஆனாலும் தனியா இருக்கேன்னு சொல்றாங்க. ஏன்?

எத்தனை பேர் என்பதில் ஒன்றுமில்லை அம்மா. ‘இவங்க என் ஆளுங்க’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். யாரோடு உட்கார்ந்தால் அவர் சிரிக்கிறார் என்று கவனித்து, அந்த ஆளை அடிக்கடி வரச் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து, கொஞ்சம் கோபமாக: இதெல்லாம் ஆறுதல் பேச்சு. உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.

நியாயமான கேள்வி ஐயா. 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடம்போடு இருந்த 276 பேர் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு சொட்டாக விட்டார்கள். குடும்பம், வேலை, நண்பர், வழிபாடு என்று பலவிதமான உறவு இருந்தவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. 2010-ல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, உறவுப் பிணைப்பு பலமாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. தனிமையும் ஒதுக்கப்படுவதும் ஓயாத மனஅழுத்தம். கார்டிசால் என்ற சுரப்பி நீர் ஏறியபடியே இருக்கும், ரத்த அழுத்தம் கூடும், தூக்கம் கெடும்.

பாம்பனிலிருந்து: கரைக்கு வந்தா செட்டோட குடிக்கணும், இல்லன்னா நம்மாளா பார்க்க மாட்டாங்க. என்ன செய்ய?

தம்பி, கூட்டம் எப்போதும் நல்லதே செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். தாஜ்ஃபெல், டர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் எழுதியதை ஒட்டி இப்படிச் சொல்லலாம்: எந்தக் கூட்டத்தை ‘நாம்’ என்று நினைக்கிறோமோ, அதன் பழக்கம் நம் பழக்கமாகிவிடும். செட்டை விட்டுத் தனியாகப் போனால் மறுபடி இழுத்துக்கொள்வார்கள். குறைக்க நினைக்கிறவர் உள்ளேயே ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றால் அதுவும் அந்தச் செட்டின் வழக்கமாகத் தொடங்கும். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும்.

ஏர்வாடிப் பக்கத்திலிருந்து: தம்பிக்கு மனநோய். சொந்தக்காரங்க விசேஷத்துக்குக் கூப்பிடறதில்லை. தர்காவுக்குப் போனா மாத்திரை வேண்டாம்கிறாங்க.

தர்காவுக்கும் போங்கள், மாத்திரையும் கொடுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். ஒதுக்குவது நோயை இன்னும் கூட்டும். முதலில் ஒரே ஒரு சித்தப்பா, ஒரு அத்தை, அவர்களை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தம்பியோடு சாப்பிட வையுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

சின்னப்பாலத்திலிருந்து: கடல்பாசி எடுக்கப் பொம்பளைங்க ஒண்ணாத்தான் போறோம். இதுல மருத்துவம் இருக்கா?

இருக்கிறது தங்கச்சி. தண்ணீருக்குள் ஒருத்திக்கு மூச்சு முட்டினால் பக்கத்தில் இருப்பவள்தான் முதல் வைத்தியர். பி.பி. பார்க்கவும் அதே மாதிரி ஒன்றாகவே வாருங்கள். யார் மாத்திரை விட்டாள் என்று டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இருந்தால் அதைப் பற்றியும் கடலுக்குப் போகிற வழியில் பேசுங்கள். சுகாதார நிலையத்தில் நான் சொன்னபோது கேட்காதவர்கள், கூடப் பாசி எடுக்கிறவள் சொன்னால் கேட்டிருக்கிறார்கள்.