முந்தி நிற்கும் வேட்பாளர், சவால் விடுபவரின் மேடையில் ஏற வேண்டுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் ஒன்றியத்தில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், வரும் தேர்தலில் என் அண்ணி நிற்கிறார். பல ஆண்டுகளாக மகளிர் குழுவை நடத்திவருவதால் ஊரில் அவருக்கு நல்ல பெயர். அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிரே நிற்கும் நால்வரில் ஒருவர், யூடியூபில் காணொளி போடும் ஒருவரின் மனைவி. ஊரில் மூட்டுவலி வருவதற்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்தான் காரணம், பழையபடி ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்றும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவாமலேயே கழுவியதாகக் கணக்கு எழுதுகிறார்கள் என்றும் அந்தக் கணவர் பேசிவருகிறார். இப்போது மாரியம்மன் கோயில் திடலில் நேருக்கு நேர் விவாதிக்கத் தயாரா என்று அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களுக்கு நூறு ஓட்டுகூட விழாது. போகாவிட்டால் பயந்துவிட்டோம் என்பார்கள், போனால் அவரைப் பெரிய ஆளாக்கிவிடுவோம் என்கிறார் அண்ணன். என்ன செய்வது?

பதில்: அந்த மேடைக்குப் போக வேண்டாம். ஆனால் அவர் எழுப்பியிருக்கும் இரண்டு விஷயங்களுக்கும் இந்த வாரத்திற்குள் ஊரார் முன்னிலையில் உங்கள் அண்ணி பதில் சொல்லியாக வேண்டும். ஆளைத் தவிர்ப்பதையும் கேள்வியைத் தவிர்ப்பதையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே பெயர் பெற்றவர் மேடையில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவருக்குப் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான். சவால் விட்டவருக்கோ அவரோடு சரிசமமாக நின்றோம் என்ற பெயரே லாபம். தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1943இல், கம்பராமாயணம் குறித்து அண்ணா சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் நடத்தினார். பேராசிரியர்களாகப் புகழ்பெற்றிருந்த அந்த இருவரோடு மோதியபோது அண்ணாவுக்கு வயது 33. யார் வாதத்தில் வென்றார் என்பதில் இன்றும் இரு தரப்பும் ஒத்துப்போகாது. ஆனால் அந்த மேடைகளால் யாருடைய பெயர் வளர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. (உங்கள் ஊர் யூடியூப்காரரை அண்ணாவோடு ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மேடையின் கணக்கை மட்டும்தான் சொல்கிறேன்.)

போகாமல் இருந்தாலே தோற்றுவிடுவோம் என்ற பயமும் தேவையில்லை. 2009இல் அத்வானி நேரடி விவாதத்திற்கு அழைத்தபோது மன்மோகன் சிங் இணங்கவில்லை; அவர் கூட்டணியே மீண்டும் ஆட்சிக்கு வந்தது. 2015இல் டெல்லியில் கேஜ்ரிவால் அழைத்ததை பாஜகவின் முதல்வர் வேட்பாளர் கிரண் பேடி ஏற்கவில்லை. பேடி தம் தொகுதியிலேயே தோற்றார், கேஜ்ரிவாலின் ஆம் ஆத்மி கட்சி 70 இடங்களில் 67ஐப் பிடித்தது. ஒரே மறுப்பு, இரண்டு விதமான முடிவுகள். மறுப்பதைவிட, மறுத்தபின் காலியாகும் இடத்தில் யார் வந்து உட்காருகிறார் என்பதே முக்கியம். 1980இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர், சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனோடு ஒரே மேடையில் நிற்க மாட்டேன் என்று விலகிக்கொண்டார். ஆண்டர்சனைப் பற்றி அவர் போட்ட கணக்கு தப்பவில்லை, அந்த மனிதர் கடைசியில் ஏழு சதவீத வாக்கைக்கூடத் தொடவில்லை. ஆனால் கார்ட்டருக்கு உண்மையான போட்டியாளரான ரீகன் அந்த மேடைக்குப் போய் நாட்டு மக்களிடம் பேசினார், நவம்பரில் வென்றவரும் அவர்தான். ஆகவே முதலில் நீங்கள் விசாரிக்க வேண்டியது, மற்ற மூன்று வேட்பாளர்களில் உங்களுக்கு அடுத்தபடியாக வலுவாக இருப்பவர் அந்தத் திடலுக்குப் போகப்போகிறாரா என்பதைத்தான். அவர் போவதாக இருந்தால் என் பதிலும் மாறும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்பது அவருடைய மனைவி, சவால் விடுவது அவர். வாக்குச் சீட்டில் பெயர் இல்லாத ஒருவரோடு, பெயர் இருக்கப்போகும் உங்கள் அண்ணி எதற்காக விவாதிக்க வேண்டும்? “உங்கள் வீட்டு அம்மா வரட்டும், வேட்பாளரும் வேட்பாளரும் பேசிக்கொள்கிறோம்” என்று சொன்னாலே பாதிச் சவால் கரைந்துவிடும். இதைக் கேலியாகச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பெண்மணிக்கும் ஊரில் உறவுக்காரர்கள் இருப்பார்கள். நூறு ஓட்டு என்று நீங்கள் அலட்சியமாக எழுதியிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரித் தொகுதியில் முதல் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமே 794 வாக்குகள்தான். ஊராட்சித் தேர்தலிலோ ஓட்டு சமமாகிக் குலுக்கல் சீட்டு எடுக்கும் அளவுக்குப் போவதுண்டு. நாளைக்கு அந்த நூறு பேரிடமும் போய்க் கை கூப்ப வேண்டியிருக்கும்.

மேடை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு நேரில் கண்ட காரணம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் இதே மாதிரி ஒரு சவாலை ஏற்றுப் போன வேட்பாளரோடு நானும் போயிருந்தேன். சவால் விட்டவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பேசியைக் கட்டிவைத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது, நம் ஆள் பொறுமையாகவும் தெளிவாகவும் பேசினார். இடையில் ஒரு தொகையைப் பற்றிக் கேட்டபோது, “அது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று நேர்மையாகச் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் சுற்றியது. மற்ற எண்பது, தொண்ணூறு நிமிடப் பேச்சை யாரும் பார்க்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். தண்ணீரைப் பற்றி அவர் சொல்வது தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பதால்தான், காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. எல்லா மூட்டுவலிக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தண்ணீருக்குத் திரும்பச் சொல்கிறாரோ, அவர் பயமுறுத்தும் வலிக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. “ஒகேனக்கல் தண்ணீரால் மூட்டுவலி வராது” என்று ஆரம்பித்தால், கேட்பவர் காதில் தண்ணீரும் மூட்டுவலியும் ஜோடியாகப் பதிந்துவிடும். நம் ஊர் போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதில் தொடங்குங்கள். அவர் சொன்னதை ஒரே ஒரு முறை, பெயர் சொல்லாமல் தொட்டுவிட்டு, மறுபடி உண்மைக்கே வந்து முடியுங்கள். அவருடைய காணொளியைத் திட்டுவதற்காகக்கூட நீங்கள் யாருக்கும் அனுப்பக் கூடாது. தெருக் குழாயிலிருந்து ஒரு பாட்டில், பழைய போர் குழாயிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்து, முடிவு எப்படி வந்தாலும் அப்படியே படித்துக் காட்டச் சொல்லுங்கள். சில ஊர்களில் ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாட்களில் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து விடுவதுண்டு. உங்கள் ஊரிலும் அப்படி நடந்தால், குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வதால் உங்கள் அண்ணிக்குத்தான் மதிப்பு கூடும்.

தொட்டி கழுவும் கணக்கு அப்படியல்ல, அது நியாயமான கேள்வி. கேட்டவர் யாராக இருந்தாலும் கேள்வி கேள்விதான். கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதிவைப்பது வழக்கம் என்பதால், உங்கள் ஊர்த் தொட்டியில் கடைசியாக என்ன தேதி எழுதியிருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். ஊராட்சிக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. தாம் பதவிக்கு வந்தால் முதல் கிராம சபையிலேயே தொட்டிக் கணக்கைத் தேதிவாரியாகப் படிப்பேன் என்று அண்ணி எழுத்தில் கொடுக்கலாம். அதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஊர்ப் பெரியவர்களோ மகளிர் குழுக்களின் கூட்டமைப்போ ஐந்து வேட்பாளர்களையும் ஒன்றாக அழைத்து, ஆளுக்குச் சமமாக நேரம் ஒதுக்கி, மக்களையே கேள்வி கேட்க வைத்தால் கட்டாயம் போகச் சொல்லுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் தாமாகவே தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாலும், இரண்டாம் இடத்தில் இருப்பவர் திடலுக்குக் கிளம்பிவிட்டாலும் இப்படி ஒரு பொதுக் கூட்டத்தை நீங்களே முன்னின்று கேட்டு வாங்கலாம். காவல்துறை அனுமதி பெற்று, ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும்; முழுக் கூட்டத்தையும் உங்கள் கைப்பேசியிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு அனுப்ப வேண்டிய பதில் மூன்று வரி போதும்: “அழைத்ததற்கு நன்றி. எல்லா வேட்பாளர்களும் வரும் பொதுக் கூட்டம் எதற்கும் நான் வருகிறேன். தண்ணீர் பரிசோதனை முடிவை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொட்டியடியில் படிக்கிறேன், உங்கள் வீட்டு அம்மாவும் நீங்களும் வாருங்கள்.” ஆய்வக முடிவு வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கிழமையைப் போடுங்கள். இந்த மூன்று வரியையும் உங்கள் அண்ணி தம் குரலிலேயே பதிவு செய்து அனுப்பட்டும். நீங்களோ அண்ணனோ அவருக்காகப் பேசினால், எதிர்வீட்டில் மனைவிக்காகக் கணவர் பேசுவதைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது. எனக்கு வந்த இந்தக் கடிதத்தையும் அவரே எழுதியிருக்கலாம்.